ஆற்றுக்கு நடுவில் இருக்கிற ஊருக்குச் செய்திப் பலகையும் தன்னார்வலர் பட்டியலும் ஆரம்பிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஈரோட்டுக்கும் கொடுமுடிக்கும் நடுவில் காவிரி சில இடங்களில் இரண்டாகப் பிரிந்து ஓடிச் சேரும், நடுவில் பாறையும் மண்ணும் மேடாக நிற்கும். அப்படி ஒரு மேட்டில்தான் காங்கயம்பாளையத்து நட்டாற்றீஸ்வரர் கோயில் இருக்கிறது. எங்கள் ஊரும் அப்படி ஒரு மேட்டில்தான், திட்டு என்போம். எங்கள் திட்டில் பெரிய கோயில் எதுவும் இல்லை. கோரை, வாழை, கொஞ்சம் மஞ்சள், நாற்பது சொச்சம் வீடு, ஒரு மாரியம்மன். ரேஷன் கடை, பள்ளிக்கூடம், பால் சொசைட்டி, ஆஸ்பத்திரி எல்லாம் கரையில்.

ஐந்து வருஷமாக இங்கே ஒரு செய்திப் பலகையும் உதவிக்கு வருகிற ஆட்களின் பட்டியலும் நடத்துகிறோம். இதைப் பார்த்துவிட்டு ஆற்றோரத்து ஊர்களிலிருந்து பையன்களும் பெண்களும் வந்து கேட்டுப் போய் ஆரம்பித்தார்கள், பாதிப் பேர் இரண்டு மாதத்தில் நிறுத்திவிட்டார்கள். அவர்களுக்கு ஆர்வம் குறைவில்லை, வேலையைத் தலைகீழாகச் செய்தார்கள், அவ்வளவுதான். முதல் நாளே வாட்ஸ்அப் குழு, அப்புறம் பெயர், அப்புறம் லோகோ, கடைசியில்தான் யாரிடம் கேட்டுச் செய்தி போடுவது என்ற யோசனை. அதனால் கீழே இருக்கிற வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்.

1. ஆரம்பிக்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு நீளமான கணக்கு நோட்டு. தடிமனான அட்டை போட்டது, ஏனென்றால் இது பல வருஷம் பரிசலில் போய் வரப் போகிறது. பிளாஸ்டிக் உறை ஒன்று. வெள்ளை, மஞ்சள், சிவப்பு பெயின்ட் அரை லிட்டர் வீதம். கரும்பலகை பெயின்ட் ஒரு லிட்டர், சாக்பீஸ் டப்பா. சார்ஜ் நிற்கிற ஒரு பழைய பட்டன் போன். இது முக்கியம், காற்றடித்தால் திட்டில் கரன்ட் போகும், ஸ்மார்ட்போன்கள் எல்லாம் பொழுதோடே அணைந்துவிடும்.

இவற்றோடு, வாரத்தில் மூன்று நாள் தவறாமல் அரை மணி நேரம் ஒதுக்கக்கூடிய இரண்டு பேர். ஒருத்தர் திட்டில் இருக்க வேண்டும், இன்னொருத்தர் கரையில். இரண்டு பேருமே திட்டில் இருந்தால் தண்ணீர் ஏறுகிற அன்றைக்குக் கரைச் செய்தி வராது, இரண்டு பேரும் கரையில் இருந்தால் திட்டில் என்ன நடக்கிறது என்றே தெரியாது. ஒரு ஊரில் நான்கு நண்பர்கள் சேர்ந்து ஆரம்பித்தார்கள், நான்கு பேரும் பள்ளிபாளையத்தில் ஒரே விசைத்தறிக் கூடத்தில் ஒரே ஷிஃப்ட். பகலில் பலகை எழுத ஆளே இல்லை.

2. முதலில் ஆறு பேரைப் போய்ப் பாருங்கள்

குழு ஆரம்பிக்க வேண்டாம், பலகை அடிக்க வேண்டாம். முதல் வாரம் முழுக்க ஆட்களைப் பார்க்கிற வேலைதான். பரிசல்காரர், பால் சொசைட்டியில் பால் அளக்கிறவர், ஊராட்சிச் செயலர், கிராம நிர்வாக அலுவலர், கிராம சுகாதாரச் செவிலியர், அங்கன்வாடி டீச்சர். இந்த ஆறு பேருக்குத் தெரியாமல் உங்கள் ஊரில் ஒன்றும் நடக்காது. ஆனால் ஒருத்தருக்குத் தெரிந்தது மற்றவருக்குத் தெரியாது. நம்முடைய வேலையே அந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

போகும்போது "நாங்க ஒரு அமைப்பு ஆரம்பிக்கிறோமுங்க" என்று பேச்சை எடுத்தால் ஆள் ஒதுங்கிவிடுவார், நோட்டீஸும் நன்கொடையும் ஞாபகம் வரும். "அக்கா, தடுப்பூசி தேதி மாறுனா எங்களுக்கு ஒரு போன் போட்டீங்கன்னா திட்டுல எழுதிப் போட்டுருவோமுங்க, நீங்க ஒவ்வொரு வீட்டுக்கும் சொல்ல வேண்டாமுங்க" என்று அவருடைய வேலை குறைகிற மாதிரி கேளுங்கள். எங்கள் செவிலியர் அன்றைக்கே நம்பர் கொடுத்தார்.

இன்னொன்று, இந்தப் பக்கத்து ஊர்களுக்கே உரிய தலைவலி. காவிரியின் மேற்குக் கரை ஈரோடு மாவட்டம், கிழக்குக் கரை நாமக்கல் மாவட்டம். திட்டு எந்த மாவட்டத்துக் கணக்கில் இருக்கிறதோ அதன் அதிகாரிகளை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். அவசரத்துக்கு எந்தக் கரை பக்கமோ அந்தக் கரைக்குத்தான் பரிசல் போகும், அங்கே இருக்கிற ஆரம்ப சுகாதார நிலையத்தில் உங்கள் ஊர்ப் பெயரே கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை எண் 1077. அது உங்கள் திட்டிலிருந்து அடித்தால் எந்த மாவட்டத்துக்குப் போகிறது என்பதை ஒரு சாதாரண நாளில் அடித்துப் பாருங்கள். தேவைப்பட்டால் முன்னால் ஈரோட்டுக்கு 0424, நாமக்கல்லுக்கு 04286 சேர்த்து நோட்டில் முதல் பக்கத்தில் எழுதுங்கள்.

3. ஆற்றின் கணக்கைத் தனியாக எழுதுங்கள்

இதில்தான் புதியவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். திட்டு ஊரில் மற்ற எல்லாச் செய்தியும் தண்ணீருக்கு அப்புறம்தான். ரேஷன் வந்திருக்கிறது என்று எழுதிவிட்டுப் பரிசல் ஓடவில்லை என்றால் அந்தச் செய்தியால் என்ன பிரயோஜனம்?

டிவியில் வருகிற எண்களில் நீர்வரத்து வேறு, நீர் வெளியேற்றம் வேறு. ஒகேனக்கல்லில் நொடிக்கு 50 ஆயிரம் கன அடி என்று போட்டவுடன் குழுக்களில் பதற்றம் ஆரம்பித்துவிடும். அது மேட்டூர் அணைக்குள் வருகிற தண்ணீர். மேட்டூரின் முழு அளவு 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி (ஒரு டி.எம்.சி என்பது நூறு கோடி கன அடி). அணை 80 அடியில் இருக்கும்போது அந்த 50 ஆயிரமும் உள்ளேயே தங்கிவிடும், நம் படித்துறையில் ஒரு விரல்கடைகூட ஏறாது. 120 அடியைத் தொட்டு நிற்கும்போதுதான் வருவதை அப்படியே வெளியே விடுவார்கள். அதனால் நோட்டில் மூன்று கட்டம் போடுங்கள்: அணையின் மட்டம், வரத்து, வெளியேற்றம். பலகையில் போக வேண்டியது வெளியேற்றம் மட்டும். மட்டம் 115 அடியைத் தாண்டிவிட்டால் மட்டும் வரத்தையும் சேர்த்து எழுதுகிறோம், அது நாங்களாக வைத்துக்கொண்ட கணக்கு.

வெளியேற்றத்திலும் ஆற்றில் விடுவது, கால்வாயில் விடுவது என்று பிரித்துச் சொல்வார்கள். மேட்டூர் கிழக்கு, மேற்குக் கால்வாய்களுக்கு ஆகஸ்ட் 1 முதல் டிசம்பர் 15 வரை விடும் தண்ணீர் வயலுக்குப் போகிறது, அதை நம் ஆற்றுக் கணக்கில் கூட்டாதீர்கள். அதே மாதிரி பவானிசாகர் அணையிலிருந்து வயலுக்குப் போகிற கீழ்பவானி வாய்க்கால் திறப்பு என்ற செய்தியையும் வெள்ள எச்சரிக்கை மாதிரி அனுப்ப வேண்டாம். பவானிசாகரில் பார்க்க வேண்டியது உபரி நீர் பவானி ஆற்றில் விடுகிறார்களா என்பதுதான், அது பவானி ஊர்க் கூடுதுறையில் வந்து காவிரியில் சேர்ந்துவிடும். பவானிசாகர் 105 அடி நிரம்பட்டும் என்று காத்திருக்கவும் கூடாது, அக்டோபர் முடிகிற வரை 102 அடியை எட்டினாலே உபரியைத் திறந்துவிடுவார்கள்.

அமராவதி அணை நிரம்பினால் கொடுமுடிப் பக்கத்து ஆட்கள் பயப்படத் தேவையில்லை, அது கரூரைத் தாண்டித் திருமுக்கூடலூரில் வந்துதான் காவிரியைத் தொடுகிறது. போன வருஷம் ஒரு தம்பி அமராவதி எச்சரிக்கையை இரவு பதினொரு மணிக்குப் போட்டு ஊரே விழித்துக் கிடந்தது. உங்கள் ஊருக்கு மேலே என்னென்ன ஆறு சேர்கிறது, கீழே என்னென்ன சேர்கிறது என்று ஒரு பக்கத்தில் படம் வரைந்து ஒட்டிவிடுங்கள். கீழே சேர்வது எதையும் அவசரச் செய்தியாகப் போட வேண்டாம்.

அடுத்து, மேட்டூரில் திறந்த தண்ணீர் நம் படித்துறைக்கு எத்தனை மணி நேரத்தில் வருகிறது என்பது. இதை யாரிடமும் கேட்டு எழுதாதீர்கள், ஊருக்கு ஊர் மாறும். இடையில் வரிசையாகக் கதவணைகள் இருக்கின்றன, மின்சாரம் எடுப்பதற்காகத் தேக்குவதும் விடுவதுமாக இருப்பதால் கொஞ்சமாக விட்ட தண்ணீர் தங்கித் தங்கி வரும், பெரிய வெள்ளம் விறுவிறு என்று வந்துவிடும். மழையே இல்லாத நாளில் திடீரென்று முழங்கால் அளவு ஏறுவதும் இந்தக் கதவணைகளால்தான். அதனால் ஒவ்வொரு முறை வெளியேற்றம் மாறும்போதும் அங்கே மாறிய மணி, இங்கே ஏறிய மணி, எந்தப் படி வரை ஏறியது என்று மூன்றையும் எழுதுங்கள். ஒரு வருஷ எழுத்து சேர்ந்த பிறகு அந்த நோட்டை எந்தப் பத்திரிகையையும்விட ஊர் நம்பும்.

கடைசியாகப் பாறைக் குறி. கோடையில், அதாவது டெல்டாப் பாசனத்துக்குத் திறக்கிற ஜூன் 12-க்கு முன்னால் தண்ணீர் வடிந்து கிடக்கும்போது, பரிசல்காரரைக் கூட்டிக்கொண்டு போய்ப் படித்துறைப் பாறையில் மூன்று கோடு அடியுங்கள். வெள்ளைக் கோடு வரை எல்லோரும் பரிசல் ஏறலாம். மஞ்சள் வந்தால் குழந்தைகளும் முதியவர்களும் அவசரம் இல்லாமல் ஏறக் கூடாது. சிவப்பு வந்தால் யாரும் இல்லை. எங்கே எந்தக் கோடு என்பதை அவர் சொல்லட்டும், நீங்கள் தூரிகையை மட்டும் பிடியுங்கள். நான் முதல் வருஷம் என் கண்மட்டத்துக்கு ஒரு மஞ்சள் கோடு போட்டேன். "அதுக்கு ஒரு சாண் கீழயே சுழல் விழுந்துருமுங்க சாமி" என்று பரிசக்கார மாமா சிரித்துக்கொண்டே அழிக்கச் சொன்னார்.

4. எது செய்தி என்பதற்கு ஒரு சட்டம் வையுங்கள்

ஒவ்வொரு செய்தியிலும் நான்கு விஷயம் இருக்க வேண்டும்: யார் சொன்னது, எப்போது சொன்னது, எந்தத் தேதிக்கு, எதுவரைக்கும் செல்லும். இதில் ஒன்று இல்லாவிட்டாலும் பலகையில் ஏற்றாதீர்கள். "சொல்றாங்க", "பேசிக்கிறாங்க" என்று ஆரம்பிப்பதெல்லாம் டீக்கடைக்கு.

"நாளை" என்ற சொல்லை எழுதவே எழுதாதீர்கள். இது பட்டுத் தெரிந்தது. "நாளை பரிசல் ஓடாது" என்று ஒரு புதன்கிழமை குழுவில் போட்டேன், வியாழக்கிழமை ஓடவில்லை, சரியாகத்தான் இருந்தது. யாரோ அதை ஞாயிற்றுக்கிழமை இரவு மறுபடி ஃபார்வர்ட் செய்ய, திங்கட்கிழமை காலை ஆறு பிள்ளைகள் பரீட்சைக்குப் போகவில்லை. அதில் ஒரு பிள்ளையின் அம்மா என்னிடம் இரண்டு மாதம் பேசவில்லை. அதற்கப்புறம் தேதி, கிழமை, மணி மூன்றும் இல்லாமல் எதையும் போடுவதில்லை.

உடல்நிலை, கடன், குடும்பச் சண்டை, காதல் விவகாரம் எதுவும் செய்தி கிடையாது. இன்னார் வீட்டு அம்மாவுக்கு ரத்தம் வேண்டும் என்று பெயர் போட்டு எழுதுவதைவிட "ஓ பாசிட்டிவ், இரண்டு யூனிட், இந்தத் தேதி, கேட்க வேண்டிய ஆள் இவர்" என்று எழுதினாலே ஆள் வந்துவிடும். நாற்பது வீட்டு ஊரில் பெயர் எப்படியும் தெரியத்தான் போகிறது என்பார்கள். தெரியட்டும், நம் கையெழுத்தில் தெரிய வேண்டாம்.

இறப்புச் செய்தியை மட்டும் குடும்பத்தில் ஒருத்தர் சொன்ன பிறகு உடனே எழுதுங்கள். கரையிலிருந்து ஒறம்பரை (சொந்தக்காரர்கள்) வந்து சேர வேண்டும், பரிசல் நடை கூட்ட வேண்டும், அதற்கு நேரம் ஆகும்.

5. பலகை இரண்டு, வாசிக்க ஒரு ஆள்

ஒன்று கரைப் படித்துறையில், ஒன்று திட்டில் இறங்குகிற இடத்தில். பிளைவுட் வாங்காதீர்கள், ஆற்றங்காற்றுக்கு ஒரே மழைக்காலத்தில் வளைந்துவிடும். சிமென்ட் பூச்சுச் சுவர் கிடைத்தால் அதிலேயே கரும்பலகை பெயின்ட் அடிப்பது நல்லது. கோயில் சுவர் என்றால் தலைக்கட்டுக்காரர்களிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள், கேட்காமல் அடித்து நோம்பிக்கு வெள்ளையடிக்கும்போது அழிந்துபோன பலகை ஒன்றை எனக்குத் தெரியும்.

பலகையின் மேல் கால்பங்கு எப்போதும் தண்ணீருக்கு. நடுப்பாதி அந்த வாரத்துத் தேதிகளுக்கு: ரேஷன், கர்ப்பிணிகள் பரிசோதனை, மாடுகளுக்குக் கோமாரி தடுப்பூசி, சுகருக்கும் பிரஷருக்கும் மாத்திரை கொண்டுவருகிற மக்களைத் தேடி மருத்துவம் அக்கா வருகிற நாள், நூறு நாள் வேலை நடக்கிற இடம். கீழ்க் கால்பங்கு உதவி வேண்டிய வேலைகளுக்கு. இடம் மாறக் கூடாது, ஏனென்றால் தலையில் சுமையோடு நடந்து போகிறவர்கள் நின்று தேடிப் படிக்க மாட்டார்கள்.

கிராம சபை தேதிகளை வருஷத் தொடக்கத்திலேயே மூலையில் பெயின்டால் எழுதிவிடுங்கள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அறிவிப்பு ஒட்டுவது கரையில், திட்டு ஆட்களுக்குக் கூட்டம் முடிந்த பிறகுதான் தெரியவரும். படித்துறைக்கு விளக்கு, லைஃப் ஜாக்கெட் எல்லாம் தீர்மானமாக எழுதப்பட வேண்டும் என்றால் அன்றைக்கு ஆள் அங்கே இருக்க வேண்டும். பதவியில் தலைவர் இருந்தாலும் தனி அலுவலர் இருந்தாலும் தீர்மான நோட்டில் ஏறியதைத்தான் அடுத்த முறை கேட்க முடியும்.

படிக்கத் தெரியாதவர்கள், கண் மங்கியவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். வெடியால பால் கேனோடு போகிற முதல் நடைதான் எங்கள் ஊரின் நிஜமான செய்தி நேரம். அந்தப் பரிசலில் போகிற ஒருத்தரைப் பலகையைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். எங்கள் ஊரில் எட்டாவது படிக்கிற பாப்பா வாசிக்கிறாள், தப்பாக எழுதியிருந்தால் அங்கேயே கத்திக் கேட்கிறாள்.

6. இப்போது வாட்ஸ்அப் குழு

பலகை ஒரு மாதம் ஓடிய பிறகு ஆரம்பியுங்கள். அட்மின் மட்டும் பதிவிடுகிற மாதிரி அமையுங்கள், அட்மின் மூன்று பேருக்கு மேல் வேண்டாம். மறைந்துபோகும் செய்திகள் என்ற வசதியை ஏழு நாளுக்கு வையுங்கள், பழைய எச்சரிக்கை மறுபடி சுற்றுவது பாதி குறையும். பலகையில் இல்லாத எதுவும் குழுவில் வரக் கூடாது, அவசரம் தவிர. காலை வணக்கப் படம் போடும் ஆசை இருப்பவர்களுக்குத் தனிக் குழு ஆரம்பித்துக் கொடுத்துவிடுங்கள், நிம்மதி.

7. உதவி ஆட்களின் பட்டியல்

"யாரெல்லாம் உதவுவீர்கள்?" என்று குழுவில் கேட்டால் நாற்பது கட்டைவிரல் வரும், ஞாயிற்றுக்கிழமை படித்துறையில் நீங்களும் உங்கள் மச்சானும் நிற்பீர்கள். வீடு வீடாகப் போய் எழுதினால்தான் பட்டியல்.

எழுதும்போது "என்ன செய்வீங்க" என்று கேட்காமல், என்ன இருக்கிறது, என்ன தெரியும், எப்போது இல்லை என்று கேளுங்கள். கூடுதல் பரிசல் இருக்கிறதா, கரையில் நிறுத்தியிருக்கிற டெம்போ யாருடையது, பவர் பேங்க், நீளக் கயிறு, டார்ச் யார் வீட்டில். நீச்சல் தெரியுமா, எவ்வளவு தூரம். மாடு பிடிக்கத் தெரியுமா. மனு எழுதத் தெரியுமா. ரத்த வகை, கடைசியாகக் கொடுத்த தேதி (ஆண்களுக்கு 90 நாள், பெண்களுக்கு 120 நாள் இடைவெளி வேண்டும்). எப்போது இல்லை என்பதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போகிறவர் சனி இரவுதான் வருவார், தறிக்காரர் நைட் ஷிஃப்ட் வாரத்தில் பகலில் தூங்குவார், நாற்று நடவு வாரத்தில் பெண்கள் யாருமே இருக்க மாட்டார்கள். இது தெரியாமல் கூப்பிட்டு அவர் வரவில்லை என்று குறை சொல்வது நியாயம் இல்லை.

வயதானவர்களை ஒதுக்காதீர்கள். எங்கள் பட்டியலில் எழுபதைத் தாண்டிய அப்பாரு ஒருத்தர் இருக்கிறார், அவர் வேலை பாறைக் கோட்டைக் காலையும் மாலையும் பார்த்துச் சொல்வது. ஐந்து வருஷத்தில் இரண்டு நாள்தான் தவறியிருக்கிறார், இரண்டுமே பேத்தி கல்யாணத்துக்கு.

வேலையைப் பலகையில் எழுதும் விதம் இது. "ஊர் சுத்தம் செய்ய வாருங்கள்" என்றால் யாரும் வர மாட்டார்கள். இப்படி எழுதுங்கள்: "படித்துறையில் ஆகாயத்தாமரை இழுத்துப் போடும் வேலை. 12-ம் தேதி ஞாயிறு, காலை 7 முதல் 9.30 வரை. எட்டுப் பேர் வேண்டும், நான்கு பேர் சேர்ந்தாகிவிட்டது. அரிவாளும் பழைய செருப்பும் கொண்டு வரவும். டீ உண்டு. மஞ்சள் கோடு தாண்டினால் வேலை இல்லை." எப்போது முடியும் என்று தெரிந்தால்தான் ஆட்கள் கிளம்புவார்கள், எப்போது நடக்காது என்று தெரிந்தால்தான் வீணாக வர மாட்டார்கள். எழுதிய பிறகும் பட்டியலைப் பார்த்து ஆறு பேருக்குப் பெயர் சொல்லிப் போன் போடுங்கள். நேரில் கேட்டவர்களில் முக்கால்வாசிப் பேர் வருகிறார்கள் என்பது என் அனுபவம்.

வேலைகளைப் பருவத்தோடு சேர்த்து யோசியுங்கள். பாசனத்துக்குத் திறப்பது வழக்கமாக ஜனவரி 28-ல் நிற்கும், அதற்கப்புறம் தண்ணீர் வடிகிற மாசி, பங்குனியில் படி செப்பனிடுவது, சீமைக்கருவேலம் பிடுங்குவது, பரிசலுக்குத் தார் பூசுவது. வைகாசியில் கயிறு, லைஃப் ஜாக்கெட், டார்ச் எல்லாம் எடுத்துச் சோதிப்பது. ஆடியில் கட்டுமான வேலை எதுவும் வேண்டாம், ஆடி 18 முடிந்த மறுநாள் கரையில் கிடக்கும் பழைய துணியும் பிளாஸ்டிக்கும் பொறுக்குவதற்கு மட்டும் ஆள் திரட்டினால் போதும், அதுவே மலையளவு இருக்கும். மரம் நடுவது ஐப்பசி, கார்த்திகையில்.

இந்த மரம் நடும் விஷயத்தில் ஒரு கதை உண்டு. நகரத்திலிருந்து ஒரு குழு ஆடி மாதம் வந்து திட்டின் வடக்கு முனையில் அறுபது கன்று நட்டார்கள். மேலிருந்து தண்ணீர் முதலில் மோதுவதே அந்த முனையில்தான். நான் சொன்னேன், அவர்களுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமைதான் தோதாக இருந்தது. மூன்று வாரத்தில் கன்றும் இல்லை, கூண்டும் இல்லை. கூண்டு மட்டும் கீழே ஒரு ஊர் வலையில் மாட்டியதாகக் கேள்வி.

8. வெளியூர் ஆட்கள் வரும்போது

வருகிறவர்கள் நல்ல மனதோடுதான் வருகிறார்கள், ஆனால் ஆறு அவர்களுக்குப் புதிது. வரும் முன்பே மூன்று விஷயம் தெளிவாகப் பேசிவிடுங்கள். ஒரு நடைக்கு எத்தனை பேர் என்பது பரிசல்காரர் வாக்கு. எல்லோரும் லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொள்ள வேண்டும், நீச்சல் தெரிந்தவர் உட்பட. வேலை முடிந்து ஆற்றில் குளியல் கிடையாது. மூன்றாவதுதான் கஷ்டம். வெயிலில் வேலை செய்துவிட்டுத் தண்ணீரைப் பார்த்தால் இளவட்டங்களுக்குக் கால் நிற்காது, மணல் அள்ளிய குழிகள் எங்கே என்று உள்ளூர்க்காரர்களுக்கே முழுசாகத் தெரியாது. தொட்டி நிறையத் தண்ணீர் இறைத்து வைத்து "இங்க குளிச்சுக்கங்க கண்ணு" என்று சொல்ல ஒரு அமுச்சியை (பாட்டியை) உட்கார வைத்தோம், அவரைத் தாண்டி யாரும் போகவில்லை.

பரிசல் ஏறும்போதும் இறங்கும்போதும் தலை எண்ணுங்கள், பெயர் எழுதுங்கள். பரிசல்காரருக்கு அன்றைய கூலியை வந்தவர்கள் கொடுக்கட்டும், அவர் பாதி நாள் பிழைப்பை விட்டுவிட்டு நிற்கிறார். படம் எடுப்பதாக இருந்தால் வீட்டுக்காரர்களிடம் கேட்டுவிட்டு எடுக்கச் சொல்லுங்கள்.

9. தண்ணீர் ஏறும் வாரம்

2018 ஆகஸ்டில் மேட்டூரிலிருந்து இரண்டு லட்சம் கன அடி வரை வந்தபோது எங்களிடம் பலகையும் இல்லை, பட்டியலும் இல்லை. வருவாய்த் துறை வண்டி ஒலிபெருக்கியில் கரையெல்லாம் சொல்லிக்கொண்டு போனது, ஆற்று இரைச்சலில் திட்டுக்கு ஒரு சொல் கேட்கவில்லை. ஆட்கள் தப்பினோம், ஆடு பாதி போயிற்று.

இப்போது வைத்திருக்கும் வரிசை இதுதான். வெள்ளைக் கோடு மூழ்கி மட்டம் ஏறிக்கொண்டே போனால், அல்லது மேட்டூர் மட்டம் 118 அடியைத் தொட்டால், முதலில் பண்டம்பாடி கரைக்குப் போகிறது. ஆட்களுக்கு முன்னாலேயே மாடு, ஏனென்றால் தண்ணீர் வேகம் பிடித்த பிறகு மாட்டை ஏற்றவும் முடியாது, விட்டுவிட்டு வரவும் ஆட்களுக்கு மனசு வராது. கட்டுத்தரையில் மாடு நிற்கிற வரை வீட்டுக்காரர் கிளம்ப மாட்டார். கரையில் யார் தோட்டத்தில் எத்தனை உருப்படி கட்டலாம், தீவனம் யார் தருவது என்று வைகாசியிலேயே பேசி எழுதி வைத்திருக்கிறோம்.

அடுத்தது கர்ப்பிணிகள், நடக்க முடியாதவர்கள், கைக்குழந்தைக்காரர்கள். மஞ்சள் கோடு வருவதற்குள் இவர்கள் கரையில் இருக்க வேண்டும். அப்புறம்தான் மற்றவர்கள். ஆதார், ரேஷன் கார்டு, பட்டா, மாத்திரை எல்லாம் ஒரே பிளாஸ்டிக் உறையில், கதவுக்குப் பின்னால் ஆணியில். பரிசலை நிறுத்தச் சொல்லி அதிகாரிகள் உத்தரவிட்டுவிட்டால் நிறுத்தியாக வேண்டும். "ஒரே ஒரு நடை" என்று கெஞ்சுபவர்களிடம் பேசுவதற்குப் பட்டியலில் கொஞ்சம் கண்டிப்பான ஒரு ஆளைத் தனியாகக் குறித்து வையுங்கள்.

108-க்குப் போன் செய்தால் ஊர்ப் பெயரைச் சொல்லி நிறுத்தாதீர்கள். வண்டி எந்தக் கரைக்கு, எந்தப் படித்துறைக்கு வர வேண்டும், பக்கத்தில் என்ன அடையாளம் என்று சொல்ல வேண்டும். இதை மூன்று வரியில் எழுதிப் பலகைக்குப் பக்கத்தில் நிரந்தரமாக ஒட்டுங்கள், பதற்றத்தில் பேச்சு வராது. கால்நடைக்கு 1962.

அந்த வாரத்தில் பலகையில் மாற்றம் இல்லாவிட்டாலும் காலை 6, மதியம் 1, மாலை 6 என்று மூன்று வேளையும் மணி போட்டு எழுதுங்கள். "மாற்றம் இல்லை" என்பதும் செய்திதான். எழுதாமல் விட்டால் அந்த இடத்தை வதந்தி எடுத்துக்கொள்ளும்.

10. காசும் மாற்று ஆளும்

பணம் வசூலிக்காதீர்கள். சாக்பீஸ், பெயின்ட் செலவு வருஷத்துக்குச் சில நூறு ரூபாய்தான், யாராவது பொருளாக வாங்கிக் கொடுக்கட்டும். எனக்குத் தெரிந்து நின்றுபோன ஊர்களில் இரண்டு, நோட்டில் ரூபாய்க் கணக்கு எழுத ஆரம்பித்த மாதமே நின்றுவிட்டன. பெரிய பொருள் தேவை என்றால் கிராம சபையில் கேளுங்கள், அல்லது தருகிறவர் நேரே கடைக்குக் கொடுக்கட்டும்.

தேர்தல் நேரத்தில் பலகையில் ஒரு கட்சிப் பெயர்கூட வர வேண்டாம், வாக்குச்சாவடி இடமும் அன்றைய பரிசல் நேரமும் மட்டும் எழுதுங்கள்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை, எழுதுகிற ஆளை ஒரு வாரம் விடுப்பில் அனுப்பிவிட்டு அடுத்தவரை எழுதச் சொல்லுங்கள். எங்கே திணறுகிறார் என்று பார்த்து அதை நோட்டின் பின்பக்கத்தில் எழுதுங்கள். எனக்குப் போன தையில் காய்ச்சல் வந்து படுத்தபோது பால் அளக்கிறவரின் மகள் பத்து நாள் எழுதினாள். அவள் மாற்றிய ஒரே விஷயம், மேட்டூர் எண்ணுக்குப் பக்கத்தில் முந்தின நாள் எண்ணையும் சின்னதாகப் போட்டாள், ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்த்தவுடன் தெரிகிற மாதிரி. இப்போது நானும் அப்படித்தான் எழுதுகிறேன்.